டைல்ஸுக்கு அடியில் அக்காவின் ஜெரேனியம்

இந்த நினைவு மலரை நீங்கள் எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில், பந்தலின் கீழே, புதிதாக டைல்ஸ் பதித்த தரையில் உட்கார்ந்து பிரித்துப் பார்ப்பீர்கள். ஆண்டு நினைவுத் திருப்பலி முடிந்து வந்து, இலை போடும்வரை கையில் வைத்துப் படிக்க ஏதாவது வேண்டும் என்றுதான் அண்ணன் இதை அச்சடித்திருக்கிறார். தரை நன்றாக இருக்கிறது, உட்கார வசதியாக இருக்கிறது என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில்தான் எங்கள் அக்காவின் ஜெரேனியம் பாத்தி இருந்தது. போன மாதம் வரைக்கும் இருந்தது.

நினைவு மலரில் கோபமாக எழுதக் கூடாது, பெரியவர்கள் படிப்பார்கள் என்று அண்ணி சொன்னார். எனக்கும் பெரியவள் என்று சொல்லிக்கொள்ளும் வயது வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். பணிவாக எழுதத் தெரியும், மனம்தான் வரவில்லை. இதை எழுத ஒப்புக்கொண்டதற்கு ஒரே காரணம் உண்டு. அந்தச் செடியின் ஒரு வேராவது உங்களில் யார் வீட்டிலாவது உயிரோடு இருக்கிறதா என்று கேட்க வேண்டும். ஒரே நாளில் உங்கள் எல்லோர் கையிலும் போய்ச் சேரும் காகிதம் எனக்கு வேறு கிடையாது.

அக்கா அவர்கள் கம்மாபுரத்தை அடுத்த ஒரு சிற்றூரில் எங்கள் பெற்றோருக்குத் தலைப்பிள்ளையாகப் பிறந்தார். அடுத்தவர் அண்ணன், கடைசி நான். பிறந்த ஊர் என்று எழுதிவிட்டேனே தவிர, அதைப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று யாரிடமும் சொல்ல முடியாது. பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்துக்காக ஊரை எடுத்துக்கொண்டார்கள். எங்கள் வீடு இருந்த இடமும், அக்கா புதுநன்மை என்னும் முதல் நற்கருணை வாங்கிய சின்னக் கோயில் இருந்த இடமும் இன்று ஒரே பள்ளம். நாட்டுக்கு மின்சாரம் வேண்டாமா என்று நம் உறவிலேயே சிலர் நியாயம் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அப்படிப் பேசுகிறவர்களின் வீட்டுக் கிணறு அந்தப் பள்ளத்தில் போகவில்லை. அப்பா அந்தத் துக்கத்திலேயே படுத்தார், எழுந்திருக்கவில்லை.

அம்மாவையும் எங்களையும் கூட்டிக்கொண்டு விருத்தாசலத்துக்கு வந்தவர் அக்காதான். பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். அச்சிலிருந்து எடுத்த ஜாடிகளுக்கும் பொம்மைகளுக்கும் ஓரத்துப் பிசிறைக் கத்தியால் சீவி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து வைக்கும் வேலை. காலையில் கறுப்பாகப் போகிற அக்கா சாயங்காலம் வெள்ளையாக வருவார். தலைமுடி, இமை, மூக்கு எல்லாம் மாவுபோல் தூசி படிந்திருக்கும். முகத்தை மூடிக்கொள்ள முதலாளி கொடுத்தது ஒன்றும் இல்லை. முந்தானையைத்தான் கட்டிக்கொள்வார்கள். அந்தத் தூசியில் அண்ணன் படித்து, பெண்ணாடத்தில் சர்க்கரை ஆலை அலுவலகத்தில் வேலைக்குப் போனார். நான் ஆசிரியை ஆனேன்.

அக்கா அவர்கள் திருமணம் செய்துகொள்ளாமல் குடும்பத்துக்காகத் தம்மை அர்ப்பணித்தார் என்று இந்த மலரின் முதல் பக்கத்தில் போட்டிருக்கிறது. அது தவறு. அவருக்கு யாரும் திருமணம் செய்து வைக்கவில்லை. மாமாக்கள் இருந்தார்கள், சித்தப்பாக்கள் இருந்தார்கள். ஒரு வரன் வந்தபோது, "தம்பி வேலைக்குப் போவட்டும், அப்பறம் பாக்கலாம்" என்றார்கள். தம்பி வேலைக்குப் போன பிறகு, "இனிமே என்னாத்துக்கு" என்றார்கள். இப்போது அவர்களே வந்து அர்ப்பணிப்பு என்கிறார்கள். அந்தச் சொல்லை அடித்துவிடச் சொன்னேன், பக்கம் ஏற்கெனவே அச்சாகிவிட்டதாம்.

அக்கா தமக்கென்று ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுதான், அது அந்தச் செடி. பங்குக் கோயிலிலிருந்து பெண்கள் சேர்ந்து நீலகிரிக்குச் சுற்றுலா போனபோது கோத்தகிரியில் ஒரு கன்னியர் மடத்தின் சுவரோரம் அதைப் பார்த்திருக்கிறார். ஊட்டியில் ஜன்னலுக்கு ஜன்னல் சிவப்பாகத் தொங்கும் ஜெரேனியம் இல்லை இது. அது கடும் பனியைத் தாங்காது. இது தரையோடு படர்கிற, பல வருடம் இருக்கிற வகை. விரல் விரலாகப் பிரிந்த இலை, ஊதாவில் கோடு போட்ட சின்னப் பூ, பூ உதிர்ந்தால் கொக்கின் அலகுபோல் நீண்ட காய். பனியில் மேலே எல்லாம் கருகிப்போனாலும் அடுத்த பருவத்தில் வேரிலிருந்து எழுந்துவிடும். அக்கா கேட்டதும் மடத்துச் சிஸ்டர் ஒரு கொத்தைப் பிடுங்கி, ஈரச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தாராம். எந்த ஊர் என்று விசாரித்துவிட்டு, "விருத்தாசலமா? அங்க வெயில் ரொம்ப அதிகமாச்சே, பிழைக்காதும்மா" என்றாராம்.

பிழைக்காது என்று யாராவது சொன்னால் அக்காவுக்கு அதுவே போதும். சூளைக்குள் பாத்திரங்களை அடுக்கி வைத்துச் சுடுவதற்குக் கனமான களிமண் பெட்டிகள் உண்டு. சுட்டுச் சுட்டு விரிசல் விட்டதும் அவற்றைப் பட்டறை வாசலில் கொட்டிவிடுவார்கள். அக்கா அவற்றைக் கேட்டு வாங்கி, சைக்கிள் கேரியரில் கட்டித் தள்ளிக்கொண்டு வந்தார். முருங்கை நிழல் விழும் வடக்கு ஓரத்தில், பெட்டிகளை விளிம்புவரை மண்ணில் புதைத்தார். அடியில் உடைந்த பீங்கான் சில்லு, மேலே இலைமட்கும் ஆற்று மணலும் கலந்த மண். செடி பெட்டிக்குள் இருக்கும். தண்ணீரைப் பெட்டிக்குள் ஊற்றாமல் சுற்றியிருக்கும் மண்ணில் ஊற்றுவார். பெட்டி அந்த ஈரத்தைக் குடித்து உள்ளே வேரைக் குளுமையாக வைத்திருக்கும், பானைத் தண்ணீர் குளிர்வது மாதிரிதான். இதை யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை, செய்து பார்த்துக் கண்டுபிடித்தது.

முதல் கோடையிலேயே செடி காய்ந்து சருகானது. அண்ணன் அப்போதே சிரித்தார். "அந்த சிஸ்டருதான் சொன்னாங்களேக்கா. தூக்கிப் போட்டுட்டு ரோஜா வையி" என்றார். அக்கா பெட்டிகளின் மேல் வைக்கோலைப் பரப்பி, சுற்றியுள்ள மண்ணை மட்டும் அவ்வப்போது நனைத்துக்கொண்டிருந்தார். ஐப்பசி மழை பிடித்ததும் வைக்கோலை விலக்கினால், கட்டைவிரல் நகம் அளவுக்கு இலைகள். மலையில் குளிருக்குப் படுத்துக்கொள்கிற செடி எங்கள் ஊரில் வெயிலுக்குப் படுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். கிறிஸ்துமஸுக்குப் பூத்தது. குடிலில் குழந்தை இயேசுவுக்குப் பக்கத்தில் அக்கா அந்தப் பூவைத்தான் வைத்தார், வருடந்தோறும் வைத்தார்.

வேர்க்கொத்து பெருத்ததும் பிரித்து நடலாம் என்று தெரிந்துகொண்ட பிறகு அக்காவைப் பிடிக்க முடியவில்லை. கல்லறைத் திருநாளுக்கு நீங்கள் எல்லோரும் ஊருக்கு வருவீர்கள். அம்மா கல்லறைக்கு மாலையும் மெழுகுதிரியும் வைத்துவிட்டு எங்கள் வீட்டில் சாப்பிடுவீர்கள். போகும்போது ஆளுக்கொரு விரிசல் விட்ட ஜாடியில் ஒரு கொத்தை வைத்துக் கையில் கொடுத்துவிடுவார். மறக்காமல் ஒன்று சொல்வார். "கோடையில காஞ்சாப்புல இருக்கும். தூக்கிப் போட்டுடாதீங்க. வேருல உசுரு இருக்குது."

நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எனக்குத் தெரியும். சித்திரையில் போன் போட்டு, "பட்டுப்போச்சிக்கா" என்றீர்கள். "பட்டுப்போவல, அப்புடியே வையிங்க" என்பார். "இல்லக்கா, நேத்தே குப்பையில போட்டாச்சி" என்பீர்கள். அடுத்த நவம்பரில் வந்து மறுபடியும் கை நீட்டி ஒன்று வாங்கிக்கொண்டு போவீர்கள். அக்காவுக்குக் கோபமே வராது. அவருக்கு வர வேண்டிய கோபம் எல்லாம் சேர்ந்து எனக்கு வந்திருக்கிறது போல.

என் கணவர் காலமான பிறகு நான் அக்காவோடு வந்து இருந்தேன். அப்போதே இருமல் தொடங்கியிருந்தது. நெஞ்சில் பட்டறைத் தூசி இறங்கியிருக்கிறது, இத்தனை வருடத்துத் தூசியைத் துடைத்தெடுக்க முடியாது என்று மருத்துவர் சொன்னார். ஒரு பங்குனியில் மூச்சு மிகவும் கெட்டு, பெரிய மருத்துவமனையில் வைத்திருந்து, இனி வீட்டுக்கு அழைத்துப் போங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

அன்று நடந்ததைத்தான் அண்ணி எழுத வேண்டாம் என்கிறார். பங்குத்தந்தை வந்து எண்ணெய் பூசி, நோயில் பூசுதல் கொடுத்துவிட்டுப் போனார். நீங்கள் எல்லோரும் வந்தீர்கள். சாவு வீட்டுக்கு என்று வாசலில் வாடகை நாற்காலி வந்து இறங்கியது. அக்காவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே, இந்த வீட்டை இடித்துக் கடை கட்டி வாடகைக்கு விடலாம் என்று ஒருவர் பேசினார். பேர் எழுதவில்லை, அவருக்கே தெரியும். அண்ணன் ஒரு படி மேலே போனார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பேனர் அடிக்கும் கடை லீவு, அவசரத்துக்குக் கிடைக்காது என்று 'கண்ணீர் அஞ்சலி' பேனருக்குச் சொல்லி, அதை அடித்தும் கொண்டுவந்துவிட்டார். ரோஸ் புடவை கட்டிய அக்காவின் படம், கீழே தேதி.

அக்கா சாகவில்லை. இரண்டொரு நாளில் கண்ணைத் திறந்து கஞ்சி கேட்டார். நீங்கள் ஒவ்வொருவராகச் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு கிளம்பினீர்கள். "போயிட்டு வரோம்" என்று சொல்லிவிட்டுத்தான் போனீர்கள். அதன் பிறகு அக்கா இன்னொரு மழைக்காலத்தையும் இன்னொரு கிறிஸ்துமஸையும் பார்த்தார். அத்தனை மாதங்களில் உறவு என்று வாசல் ஏறியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒருமுறை நானே வெட்கத்தை விட்டுப் போன் போட்டு, "அக்கா ஒங்கள கேட்டுக்கிட்டே இருக்குது, ஒரு நாளு வந்துட்டுப் போங்க" என்றேன். "அதான் அன்னிக்கே வந்து பாத்துட்டமே" என்று பதில் வந்தது. எங்கள் குடும்பத்தின் வழக்கம் இது. வாடியதை எல்லாம் செத்த கணக்கில் எழுதிவிட்டுக் கையைக் கழுவிக்கொள்வோம். பிறகு அது எழுந்தால் நமக்குச் சங்கடமாக இருக்கும்.

அந்தப் பேனரைச் சுருட்டி பீரோவுக்குப் பின்னால் சொருகி வைத்திருந்தேன். ஒரு நாள் பெருக்கும்போது அது சரிந்து விழ, கட்டிலில் இருந்த அக்கா பார்த்துவிட்டார். மறைக்கப் பார்த்தேன், விடவில்லை. விரித்துக் காட்டச் சொன்னார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"போட்டோ நல்லாத்தான் இருக்குது" என்றார். "இந்தப் பொடவ இப்ப எங்க?"

"இருக்குதுக்கா. பொட்டியில இருக்குது."

"தம்பியத் திட்டாத. அவன் எப்பவும் எல்லாத்தையும் முன்னாடியே பண்ணிடுவான். பாத்திக்குத் தண்ணி வுட்டியா?"

நான் அழுதேன். அவர் அழவில்லை. கடைசி வருடமும் மழை வந்ததும் அவர் நாற்காலியைப் பின்பக்கம் போடச் சொல்லி, நான் கொத்துகளைப் பிரிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்லறைத் திருநாளுக்கு வந்த சிலருக்கு ஜாடி கொடுக்கவும் செய்தார். அடுத்த கத்திரி வெயிலில், ஒரு மதிய நேரத்தில், செபமாலை சொல்லிக்கொண்டிருக்கும்போதே இறைவனிடம் போனார். வாசலில் அதே பேனரைத்தான் கட்டினார்கள். பழைய தேதியின் மேல் புதுத் தேதியை ஒட்டியிருந்தார்கள், ஒட்டியது சரியாகப் பொருந்தக்கூட இல்லை. நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள்.

அக்கா இல்லாத முதல் மழையிலும் பாத்தி எழுந்தது. கிறிஸ்துமஸுக்குப் பூத்தது. அந்தப் பூவைக் குடிலில் வைத்தபோதுதான் எனக்குக் கொஞ்சம் மனம் ஆறியது. அக்கா போன பிறகு இந்த வீட்டில் நான் பேசுவதற்கு இருந்தது அந்தப் பாத்தி ஒன்றுதான், சொன்னால் சிரிப்பீர்கள்.

இந்தக் கோடையில் மகளின் பிரசவத்துக்காகச் சிதம்பரம் போனேன். போகும்போது பாத்தி வழக்கம்போல் காய்ந்து கிடந்தது. வைக்கோல் போட்டு மூடிவிட்டுத்தான் போனேன். ஆண்டு நினைவுக்கு வீட்டைச் சுத்தம் செய்து வைக்கிறேன் என்று சாவியை வாங்கிக்கொண்ட அண்ணன், எனக்குத் தெரியாமல் ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று கொத்தனாரைக் கூப்பிட்டிருக்கிறார். திரும்பி வந்து பின்கதவைத் திறந்தால் பளபளவென்று டைல்ஸ். சுவரில் கருப்புக் கல்லில் அக்காவின் படம். அதன் கீழே வெயில் பட்டாலும் வாடாத பிளாஸ்டிக் பூ.

கொத்தனாரைத் தேடிப் போய்க் கேட்டேன். "செடி ஒண்ணியும் இல்லம்மா. காஞ்ச சருகுதான் கெடந்துச்சி. மண்ண வெட்டி டிராக்டருல ஏத்தி அனுப்பிட்டோம்" என்றார். மண் போன மனையைத் தேடிப் போனேன், அதன் மேல் ஏற்கெனவே கடைக்கால் போட்டுவிட்டார்கள். அக்கா சைக்கிளில் தள்ளிக்கொண்டு வந்த களிமண் பெட்டிகள் என்னவாயின என்று கேட்டேன். உடைத்து, டைல்ஸுக்கு அடியில் ஜல்லியோடு போட்டு இடித்துவிட்டார்களாம். கெட்டியாக இருந்ததாம்.

அண்ணனைக் கேட்டபோது அவர் குரல் உயர்த்தவில்லை. "அக்கா பேருல நாலு பேரு வசதியா ஒக்காந்து சாப்புடணும்னுதான் போட்டன். அந்தச் செடி செத்துப்போச்சின்னு நெனச்சன்" என்றார். அத்தனை வருடம் ஒவ்வொரு கோடையிலும் அக்கா வாய் வலிக்கச் சொன்னதை, கூடப் பிறந்தவர் ஒரு தரம்கூடக் காதில் வாங்கவில்லை. தெரியாமல் செய்துவிட்டார், விடு என்கிறீர்கள். தெரியாமல் இருந்ததுதான் எனக்குக் கோபம்.

இப்போது கேட்க வந்ததைக் கேட்கிறேன். நவம்பர் மாதங்களில் அக்கா கையால் ஜாடி வாங்கிப் போனவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். வீட்டுக்குப் போய் மாடிப்படிக்கு அடியிலும், குளியலறைப் பின்னாலும், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்திலும் பாருங்கள். காய்ந்த மண்ணோடு விரிசல் விட்ட வெள்ளை ஜாடி ஏதாவது கிடந்தால் அதைக் கவிழ்க்காதீர்கள், மண்ணைக் கிளறாதீர்கள். நிழலில் வைத்து எனக்கு ஒரு போன் போடுங்கள், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன். எந்த ஊராக இருந்தாலும் வருகிறேன். வேரோடு ஒரு ஜாடியைக் கொடுப்பவர் யாராக இருந்தாலும், கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று கடை கட்டுவதைப் பேசியவராகவே இருந்தாலும், அவரோடு எனக்கு இருக்கும் வருத்தம் அன்றோடு தீர்ந்தது.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் சிலரே. மங்கலம்பேட்டையிலிருந்து ரஷீதா அவர்கள். பட்டறையில் அக்காவோடு ஒரே பலகையில் உட்கார்ந்து பிசிறு சீவியவர். அக்கா படுத்திருந்த காலம் முழுக்க, முட்டிவலியோடு பஸ் ஏறி வாராவாரம் வந்து, தலை சீவிவிட்டுப் போவார். அவர் வீட்டு ஜாடியை ஆடு மேய்ந்துவிட்டது, அதை அவரே போனில் சொல்லி அழுதார். அடுத்த வீட்டு நர்ஸ் பெண், எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் வந்து ஆக்சிஜன் சிலிண்டரை மாற்றிக் கொடுத்தவர். சவப்பெட்டி சுமந்த, எங்கள் பங்கின் அன்பியக் குழு இளைஞர்கள். இவர்களுக்கு என் நெஞ்சார்ந்த நன்றி.

அண்ணனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அவர் செலவில் அச்சாகும் மலரில் அவருக்குத் தெரியாமல் அவரைத் திட்டுவது அழகல்ல என்று, அச்சகத்துக்கு அனுப்பும் முன் இதுவரைக்கும் எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டினேன். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்த பேனர் விசயத்த மட்டும் எடுத்துடேம்மா" என்றார்.

"எடுக்க மாட்டன்."

பிறகு, "எங்க வூட்டுலயும் ஒரு ஜாடி இருந்துச்சி. அதுல ஒங்க அண்ணி கத்தாழ வச்சிட்டாங்க" என்றார்.

"மண்ண மாத்திட்டாங்களா?"

"தெரியல. அப்புடியே சொருவிட்டாங்கன்னுதான் நெனக்கிறன்."

மறுநாள் காலை பெண்ணாடத்திலிருந்து பஸ்ஸில், மடியில் அந்த ஜாடியை வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். சட்டையெல்லாம் மண். ஜாடியைக் கொண்டுபோய் டைல்ஸ் மேல் வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தார். கற்றாழை கொழுகொழுவென்று வளர்ந்திருந்தது. அதன் அடியில் பார்த்தேன், மண்தான் தெரிந்தது.

"கத்தாழயப் புடுங்கிட்டு, வேரு இருக்குதான்னு பாத்துடட்டுமா?" என்று கேட்டுக்கொண்டே அண்ணன் அதன் மேல் கையை வைத்தார்.

நான் அவர் கையைத் தட்டிவிட்டேன். "மழை வராம இந்த வூட்டுல இனிமே எதையும் புடுங்காதீங்கண்ணா" என்றேன்.